ரிப்போர்ட் நார்மல், ஆனால் தூக்கம் வரவில்லை: லூபஸும் பிடிஎஸ்டியும்

லூபஸ் நோய் அடங்கியிருக்கிறது, டெஸ்ட் முடிவுகளும் நன்றாக இருக்கின்றன. ஆனாலும் ஆள் நன்றாக இல்லை. லூபஸுக்குச் சிகிச்சை தரும் வாதநோய் நிபுணர்களின் அறையில் இது அபூர்வமான விஷயம் கிடையாது. சிறுநீரில் புரதம் குறைந்துவிட்டதென்று டாக்டர் சந்தோஷமாகச் சொல்லி, ஸ்டீராய்டு மாத்திரையின் அளவை ஒரு படி இறக்குகிறார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அந்த டெஸ்டை நினைத்தே ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து மருந்து வாடை மூக்கில் ஏறியதுமே அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "பரவாயில்லை டாக்டர்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்த நோயோடு நாள் எப்படிக் கழிகிறது என்பது வேறு கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாததற்குப் பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத ஒரு காரணத்தை இங்கே பார்க்கலாம். அதுதான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம், சுருக்கமாக பிடிஎஸ்டி.

முதலில் இரண்டையும் தனித்தனியாக

லூபஸில் உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குகிறது. மூட்டு, தோல், சிறுநீரகம், நுரையீரல், இதயத்தின் உறை, மூளை என எதையும் அது விட்டுவைப்பதில்லை. பாதிக்கப்படுபவர்களில் 10 பேரில் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதிலிருந்து 45 வயதுக்குள் ஆரம்பிக்கிறது, அதாவது படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாம் நடக்க வேண்டிய வயதில். நோய் சில காலம் அடங்கியிருக்கும், பிறகு மறுபடி கிளம்பும். அப்படிக் கிளம்புவதை நோயாளிகளும் டாக்டர்களும் ஃபிளேர் என்கிறார்கள். 1950களில் நோய் கண்டறியப்பட்டவர்களில் சுமார் பாதிப் பேர்தான் 5 ஆண்டுகளைத் தாண்டினார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் தாண்டுகிறார்கள். நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பதால்தான், எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி முக்கியமாகிறது.

பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980இல் சேர்ந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களை வைத்துத்தான் அதிகம் பேசப்பட்டது. ஆனால் விபத்து, வன்முறை, பாலியல் தாக்குதல், இயற்கைப் பேரிடர் என எதற்குப் பிறகும் அது வரலாம். நடந்து முடிந்த சம்பவம் மனதில் முடியாமல் நிற்பதுதான் அதன் அடிப்படை. நாம் கூப்பிடாமலே நினைவு வந்து நிற்கும், கனவிலும் வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் மனசு ஒதுக்கும். எப்போதும் ஏதோ வரப்போகிறது என்ற உஷார் நிலை இருக்கும், சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் நம்பிக்கை கெட்டுப்போகும், பிடித்த ஆட்கள்கூட எட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் பிடிஎஸ்டி என்று சொல்வார்கள். அதிர்ச்சிக்குப் பிறகு முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்புதான். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே தணிந்துவிடும்.

ஒரு நோய் அதிர்ச்சி ஆகுமா?

இதில் மருத்துவ உலகத்திலேயே இழுபறி உண்டு. 1994இல் வந்த அமெரிக்கக் கையேடு, உயிருக்கு ஆபத்தான நோய் வந்திருக்கிறது என்று தெரியவருவதையே அதிர்ச்சிச் சம்பவமாக ஏற்கலாம் என்றது. 2013இல் வந்த அடுத்த பதிப்பு அதை இறுக்கிவிட்டது. கடுமையான நோய் இருப்பது மட்டும் போதாது, திடீரென்று நேர்ந்த பயங்கரமான மருத்துவ நிகழ்வு ஏதாவது இருக்க வேண்டும் என்றது. அறுவை சிகிச்சை நடுவில் மயக்கம் தெளிவதை உதாரணமாகச் சொல்லலாம். இந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, இல்லையென்றால் எல்லாக் கவலைக்கும் பிடிஎஸ்டி என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஆனால் லூபஸ் வாழ்க்கையைக் கிட்டத்தில் பார்த்தால், அந்த இறுக்கமான விதிக்குள்ளேயே பொருந்தும் நிகழ்வுகள் நிறைய இருக்கின்றன.

யாருக்கோ திடீரென்று வலிப்பு வந்து ஐசியூவில் கண் விழித்திருப்பார். யாருக்கோ நுரையீரலுக்குள் ரத்தம் கசிந்து, மூச்சுக்காகத் திணறியிருப்பார். கருவுற்ற பிறகு ஐந்தாம் மாதத்தில் குழந்தையை இழந்திருப்பார் இன்னொருவர். லூபஸோடு சேர்ந்து வரக்கூடிய, ரத்தம் எளிதில் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் பிரச்சினையில் இது நடப்பது உண்டு. அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்தபோது நிஜம் எது, பிரமை எது என்று தெரியாமல் போய், அந்த நாட்களில் தான் என்ன பேசினோம் என்பதைப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. சிறுநீரகத்தைக் காப்பாற்ற மாதாமாதம், கருத்தரிப்பைப் பாதிக்கக்கூடிய சைக்ளோபாஸ்பமைடு மருந்தை டிரிப்பாக ஏற்றிக்கொண்டவர்களுக்கு, குமட்டலோடு 'இனி குழந்தை பிறக்குமா' என்ற கேள்வியும் அந்த நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவு பெரிதாக இல்லாத ஒரு காயமும் இருக்கிறது. நோய் என்னவென்று தெரியாமல் அலைந்த காலம். லூபஸ் பல நோய்களின் வேஷத்தில் வரும் என்பதால் கண்டுபிடிக்கவே சில சமயம் வருடங்கள் ஆகிவிடுகின்றன. அதுவரை "எல்லாம் டென்ஷன்", "வேலைக்குப் போகச் சோம்பல்" என்று வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டுக் கேட்டு, தன் உடம்பு சொல்வதைத் தானே சந்தேகிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். கையேட்டின் கணக்கில் இது பிடிஎஸ்டிக்கான அதிர்ச்சி ஆகாது. ஆனால் பின்னால் ஒரு நாள் நிஜமான நெருக்கடி வரும்போது, 'யாரும் நம்ப மாட்டார்கள்' என்ற பயமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

ஆபத்து இன்னும் போகவில்லை என்றால்?

விபத்தில் சிக்கியவருக்குச் சிகிச்சை தருபவர் ஒரு விஷயத்தைத் துணிந்து சொல்லலாம்: அது முடிந்துவிட்டது, இப்போது நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள். லூபஸ் உள்ளவரிடம் அதை அப்படியே சொல்ல முடியாது. பயத்துக்குக் காரணமான பொருள் அவருக்கு உள்ளேயே இருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். லூபஸில் சிக்கல் என்னவென்றால், இருண்டதில் எப்போதாவது ஒன்று நிஜமாகவே பேயாக இருந்துவிடுகிறது.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்வோம். லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம், சிறுநீரில் நுரை அதிகமாகத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று டாக்டரே சொல்லி அனுப்புகிறார். புரதம் கசிவதன் அடையாளம் அது. ஆக, பார்ப்பது தவறே இல்லை, பார்த்தே ஆக வேண்டும். ஒருவர் காலையில் ஒருமுறை பார்க்கிறார், நுரை இல்லை, அப்புறம் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். இன்னொருவர் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கிறார், லைட் போதவில்லையோ என்று மொபைல் டார்ச்சை அடிக்கிறார், போட்டோ எடுத்துப் பழைய போட்டோவோடு ஒப்பிடுகிறார். இல்லை என்று தெரிந்த பத்தாவது நிமிடம் மறுபடி சந்தேகம் வருகிறது. பார்க்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, சிறுநீரகத்தில் ஊசி குத்தி மாதிரி எடுத்த பயாப்சி டேபிளில் குப்புறப் படுத்திருந்தது கண்முன் வருகிறது. இருவரும் செய்தது ஒரே காரியம்தான். முதலாமவருக்குப் பார்த்ததும் நிம்மதி கிடைத்துவிடுகிறது, இரண்டாமவருக்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், எச்சரிக்கையையும் பிடிஎஸ்டியின் உஷார் நிலையையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

தவிர்ப்பதிலும் இதே குழப்பம் உண்டு. லூபஸ் உள்ளவர் வெயிலைத் தவிர்த்தால் அது மருத்துவ ஆலோசனை, ஏனென்றால் சூரிய ஒளி நோயைக் கிளப்பும். அவரே ரத்த டெஸ்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை இரண்டு முறை கேன்சல் செய்தால், மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே எரிச்சல் வந்து மூடி வைத்தால், அது வேறு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அலட்சியம் என்பார்கள். உள்ளே நடப்பது அலட்சியத்துக்கு நேர் எதிரானது. அந்த டப்பா ஒவ்வொரு நாளும் காலையில் வார்டை நினைவூட்டுகிறது. விளைவோ விபரீதமானது. லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்தினால் ஃபிளேர் வரும் வாய்ப்பு கூடுகிறது. நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஃபிளேர் வந்தால் மறுபடி ஆஸ்பத்திரி, அங்கே பயத்துக்குப் புதிய நினைவுகள் சேரும்.

எது லூபஸ், எது மனசு, எது மாத்திரை

தூக்கமின்மை, தீராத சோர்வு, கவனம் நிற்காமை, எரிச்சல், ஞாபக மறதி. இந்தப் பட்டியலை ஒரு லூபஸ் நோயாளியும் சொல்வார், பிடிஎஸ்டி உள்ளவரும் சொல்வார், அதிக ஸ்டீராய்டு எடுப்பவரும் சொல்வார். ஒருவருக்கே மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

மூளையையும் நரம்புகளையும் லூபஸ் நேரடியாகத் தாக்கும்போது வரும் நிலைகளை அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி 1999இல் 19 வகையாகப் பட்டியலிட்டது. அதில் வலிப்பு, பக்கவாதம் போன்றவற்றோடு பதற்றம், மனநிலைக் கோளாறு, சிந்தனைத் திறன் குறைவு ஆகியவையும் இருக்கின்றன. ஸ்டீராய்டின் பங்கைப் பற்றி 1972இல் பாஸ்டனிலிருந்து வந்த கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கும், 80 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதம் பேருக்கும் மனநலப் பக்கவிளைவுகள் வந்தன. ஆகவே ஒருவருடைய மனநிலை திடீரென்று மாறினால், பிடிஎஸ்டி என்று முடிவு கட்டுவதற்கு முன் லூபஸ் கிளம்பியிருக்கிறதா, மாத்திரை அளவு சமீபத்தில் மாறியதா என்று பார்த்தே ஆக வேண்டும். குழப்பமான பேச்சு, இல்லாத குரல் கேட்பது, புதிதாக வலிப்பு இவையெல்லாம் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள். தற்கொலை எண்ணம் வந்தாலும் அப்படித்தான், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

பிடிஎஸ்டியைத் தனியாக அடையாளம் காட்டுவது அதற்கே உரிய ஒரு குணம்: அறிகுறிகள் ஏதோ ஒரு சம்பவத்தைச் சுற்றியே வரும். சோர்வு எதற்கும் வரலாம். ஆனால் மானிட்டர் பீப் சத்தம் போல எங்காவது ஒலித்தவுடன் மூச்சு அடைப்பது, அதே ஐசியூ இரவு கனவில் திரும்பத் திரும்ப வருவது, இவை லூபஸின் அறிகுறிகள் அல்ல.

வாழ்க்கைத் தரத்தை எப்படி அளக்கிறார்கள்

நோயின் தீவிரத்தை அளக்க டாக்டர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று ஸ்லீடாய். 24 வரி கொண்டது. வலிப்பு, மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் குறைவது என்று போகும். நோயாளிகள் அதிகம் புலம்பும் சோர்வுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. காரணம் புரிகிறது, சோர்வை டெஸ்டில் அளக்க முடியாது. அதனால்தான் வேறொரு அளவுகோல் தேவைப்பட்டது. 2007இல் இங்கிலாந்தில் லூபஸ் நோயாளிகளிடமே பேசிப் பேசி உருவாக்கிய லூபஸ்கியூஓஎல் என்ற கேள்வித்தாளில் 34 கேள்விகள் உண்டு. கடந்த 4 வாரங்கள் எப்படிப் போயின என்று எட்டுப் பகுதிகளில் கேட்கிறது: உடல்நலம், வலி, திட்டமிடுதல், நெருங்கிய உறவு, பிறருக்குச் சுமையாக இருக்கிறோம் என்ற உணர்வு, மனநலம், தன் தோற்றத்தைப் பற்றிய எண்ணம், சோர்வு.

இந்த எட்டையும் பிடிஎஸ்டியோடு வைத்துப் பார்த்தால் எத்தனை இடத்தில் அது கைவைக்கிறது என்பது தெரியும். அடுத்த மாதக் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாதது திட்டமிடுதல். தொட்டால் உடம்பு விறைத்துக்கொள்வது நெருங்கிய உறவு. சீப்பில் கொத்தாக வரும் முடியைப் பார்த்ததும் நோய் வந்த முதல் மாதம் முழுவதும் மனசில் ஓடுவது தோற்றம். எதிலுமே கிரியாட்டினின் போன்ற ரத்த டெஸ்ட் எண் சம்பந்தப்படவில்லை. கலிஃபோர்னியாவில் லூபஸ் நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வொன்று, சிறுவயதில் பட்ட துன்பங்களைப் பற்றிக் கேட்டது. அதிகத் துன்பம் பட்டவர்கள் தங்கள் நோயைத் தீவிரமானதாகச் சொன்னார்கள், மனச்சோர்வும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆனால் டாக்டர்கள் அளந்த நோய்த் தீவிரத்தில் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. 'அப்படியானால் நோயாளி மிகைப்படுத்துகிறார்' என்று இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. டாக்டரின் அளவுகோலில் இடமில்லாத ஒரு பாரத்தை அவர்கள் சுமக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பாதை

லூபஸ் பிடிஎஸ்டியைத் தருகிறது என்று மட்டுமே பார்த்தோம். பிடிஎஸ்டி லூபஸைத் தருமா? அமெரிக்க நர்ஸ்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2017இல் வெளியானது. 54,763 பெண்களில் 73 பேருக்கு லூபஸ் வந்தது. அதிர்ச்சியே சந்திக்காதவர்களோடு ஒப்பிட்டால், பிடிஎஸ்டி அறிகுறிகள் இருந்தவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 3 மடங்கு. 73 என்பது சின்ன எண்ணிக்கை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2018இல் ஸ்வீடனிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு அதிர்ச்சியோ கடும் மன அழுத்தமோ தந்த கோளாறு உள்ள ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தது. பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு லூபஸ் போல எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய் ஏதாவது ஒன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு அளவுக்கு இருந்தது.

தொடர்ந்து பயத்தில் இருக்கும் உடலில் கார்ட்டிசோலின் ஒழுங்கு மாறுகிறது, அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் கூடுகின்றன என்பது ஒரு விளக்கம். தூக்கக் கேடும் புகைப்பழக்கமும் கூடவே வருவது இன்னொன்று. எப்படியானாலும் இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள்தான், காரணத்தை நிரூபித்தவை அல்ல. இதை வைத்துக்கொண்டு "நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் இந்த வியாதி வந்தது" என்று யாராவது சொன்னால், அது அறிவியலும் இல்லை, அக்கறையும் இல்லை. பிடிஎஸ்டி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு லூபஸ் வருவதே இல்லை.

என்ன செய்யலாம்

முதல் படி, யாராவது கேட்க வேண்டும். அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. பொது மருத்துவர்களும் பயன்படுத்தும் ஐந்து கேள்விகள் உண்டு. கடந்த ஒரு மாதத்தில் அந்தச் சம்பவம் கனவிலோ நினைவிலோ வேண்டாமலே வந்ததா, அதை நினைக்காமல் இருக்கவோ நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கவோ பாடுபட்டீர்களா, எப்போதும் உஷாராகவோ திடுக்கிட்டோ இருந்தீர்களா, மனிதர்களிடமிருந்தும் சுற்றியுள்ளவற்றிலிருந்தும் விலகிப் போனதுபோல உணர்ந்தீர்களா, நடந்ததற்காகக் குற்றவுணர்ச்சியோ பழி சொல்வதோ நிற்காமல் இருந்ததா. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளுக்கு ஆம் என்றால் மனநல நிபுணரைப் பார்ப்பது நல்லது. இது வடிகட்டி மட்டுமே, நோய் இருப்பதாக முடிவு சொல்லாது.

பிடிஎஸ்டிக்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. முன்னணியில் நிற்பவை மருந்துகள் அல்ல, அதிர்ச்சியை நேரடியாகக் கையாளும் பேச்சு சிகிச்சைகள். ஒதுக்கி வைத்த நினைவைப் பாதுகாப்பான சூழலில் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் முறை ஒன்று, அது பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள் வரை போகும். அந்தச் சம்பவத்தால் மனதில் பதிந்துபோன முடிவுகளை எடுத்து ஆராயும் முறை இன்னொன்று. கண் அசைவுகளோடு நினைவைக் கையாளும் இஎம்டிஆர் மற்றொன்று. லூபஸ் உள்ளவரிடம் சிகிச்சையாளர் "பயப்பட ஒன்றுமில்லை" என்று இலக்கு வைக்கக் கூடாது. ஃபிளேர் வரலாம், வந்தால் என்ன செய்வோம் என்று தெரியும், வராத நாளில் வாழலாம் என்பதுதான் எட்டக்கூடிய இலக்கு.

மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின், பராக்ஸிடின் போன்றவற்றுக்குச் சான்று இருக்கிறது. இங்கே லூபஸ் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஈசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியது, அது அதிகம் நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். செர்ட்ராலின் வகையைச் சேர்ந்த சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம் ஆகியவையும் அப்படியே. செர்ட்ராலின் வகை மாத்திரைகளோடு சில வலிமாத்திரைகளும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். ஆகவே மனநல டாக்டரிடம் போகும்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். தேவைப்பட்டால் ஈசிஜி ஒன்று எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

வாதநோய் டாக்டரின் பக்கத்திலும் செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரும்பாலும் செலவில்லாதவை. ரிப்போர்ட் வந்ததும் அது இரவு 11 மணிக்கு மொபைலில் வந்து விழுவதற்குப் பதிலாக, எப்போது யார் சொல்வார்கள் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். பயாப்சிக்கு முன் ஒவ்வொரு படியையும் சொல்லிவிட்டுச் செய்யலாம், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம் என்றும் சொல்லலாம். டெஸ்டுக்கு வராமல் போனவரிடம் "ஏன் வரலை?" என்று அதட்டாமல், "இங்க வர்றது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் பல சமயம் அங்கேதான் உண்மையான பேச்சே ஆரம்பிக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்குப் பயம்?" என்ற கேள்வி ஆறுதலுக்காகத்தான் கேட்கப்படுகிறது என்றாலும், கேட்பவருக்கு அது வாயடைக்கும் கேள்வி. டெஸ்ட் நாளன்று கூடப் போய் உட்கார்ந்திருப்பது அதைவிட உதவும். போகும் வழியில் நோயைப் பற்றியே பேச வேண்டும் என்றும் இல்லை.